அளந்து கட்டிய பாரம்

கிராமத்துப் பிள்ளை ஒருவன் மாநிலப் போட்டியில் ஜெயித்துவிட்டால் மறுநாள் பேப்பரில் என்ன படம் வரும் என்று எனக்குத் தெரியும். இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனையில் பழைய லாரி டயர், வெறுங்கால், பின்னால் செம்மண் புழுதி. படத்தின் கீழே வறுமையை வென்ற கதை நாலு வரி. படமும் உண்மை, அந்தப் பிள்ளை பட்ட பாடும் உண்மை. ஆனால் டயர்தான் அவனுக்கு வேகத்தைக் கொடுத்தது என்று படிப்பவர் முடிவு கட்டிவிடுகிறார். அடுத்த வாரமே சுற்றுப்பட்ட ஊர்களில் பிள்ளைகள் இடுப்பில் டயரைக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்குகிறார்கள். எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், எத்தனை தடவை, நடுவில் எவ்வளவு ஓய்வு என்று கேட்க ஆள் இல்லை.

நான் அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கஷ்டம் வேறு, பயிற்சி வேறு என்பதை என் வேலை எனக்குக் கற்றுக் கொடுத்தது. பாரத்தை அளந்து வைத்தால் அது பயிற்சி. அளக்காமல் வைத்தால் அது வெறும் பாரம். ஓடுகிறவனைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதும், முன்னால் தள்ளிவிடுவதும் வேகத்தை வளர்க்கும் வழிகளாக எப்படி வந்தன, அவற்றுக்கு அளவு எப்படிப் பிடிபட்டது, அந்த அளவு எங்கள் பக்கத்துக்கு ஏன் இன்னும் சரியாக வந்து சேரவில்லை என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் ஊர் பிரம்மதேசம், திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பக்கம். விழுப்புரத்தை ஒட்டி, எண்ணாயிரத்துக்கு அருகே, சோழர் காலத்துக் கோயில்களோடு இருக்கும் பிரம்மதேசம் வேறு. எங்களுக்கு மேற்கே பெருமுக்கல் மலை. கிழக்கே போனால் பனந்தோப்பும் உப்பளமும், அதைத் தாண்டினால் கடல். நடுவில் ஏரிகளும் செம்மண் தரையும். வேகப் பயிற்சிக்கு உலகத்தில் எதையெல்லாம் தேடிப் போகிறார்களோ அது அத்தனையும் இங்கே கிடக்கிறது. ஏறுவதற்கு மலை, காலை உள்வாங்கும் மணல், இறங்குவதற்கு ஏரிக்கரைச் சரிவு. ஆடி மாதம் மேலைக்காற்று அடிக்கும்போது மேற்கு பார்த்து ஓடினால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். கிழக்கு பார்த்து ஓடினால் முதுகில் கை வைத்துத் தள்ளும். பிற்பகலில் கடல்காற்று ஏறிவிட்டால் திசை அப்படியே மாறிப்போகும்.

இப்படிக் காற்று தள்ளுவதைத் தடகள உலகம் வெகு காலம் முன்பே கணக்கில் எடுத்துக்கொண்டது. பின்காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் 100 மீட்டரிலோ 200 மீட்டரிலோ ஓடிய நேரம் சாதனைப் பட்டியலில் ஏறாது என்ற விதி 1936-இல் வந்தது. போட்டியில் கூடாது என்று ஒதுக்கிய அதே உதவியைப் பயிற்சியில் வேண்டுமென்றே கொடுத்துப் பார்க்கலாம் என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வளர்ந்தது.

அந்த யோசனை புரிய வேண்டுமானால் 100 மீட்டரை ஒரே ஓட்டமாகப் பார்க்கக் கூடாது. முதல் 30 மீட்டரில் உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும். கால் தரையைப் பின்னோக்கி உதைத்துத் தள்ளும். முதல் சில அடிகளில் பாதம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் வரை தரையில் இருக்கும். 50, 60 மீட்டரில் உடம்பு நிமிர்ந்துவிடும். உச்ச வேகத்தில் தேர்ந்த ஓட்டக்காரரின் பாதம் தரையில் நிற்பது நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள் தன் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தரையில் இறக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். முதல் பகுதிக்கு வேண்டியது தள்ளும் பலம். இரண்டாவது பகுதிக்கு வேண்டியது சட்டென்று அடித்து எழும் பழக்கம். பின்னால் பாரம் கட்டி இழுக்கச் சொல்வது முதல் பகுதிக்கு உதவும். சரிவிலோ, முன்னால் இழுக்கும் ரப்பர் கயிற்றிலோ ஓடவிடுவது இரண்டாவது பகுதிக்கு. ஒன்றுக்கான மருந்தை மற்றதற்குக் கொடுத்தால் பலன் இல்லை.

பம்புசெட் வருவதற்கு முன்னால் எங்கள் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். தண்ணீர் நிறைந்த சால் வாளியை மேலே இழுக்கும்போது மாடுகள் சரிவில் இறங்கிப் போகும்படி வாரியை, அதாவது மாடு நடக்கும் பாதையை, வெட்டியிருப்பார்கள். பாரம் பின்னால் பிடித்து இழுக்கும், சரிவு முன்னால் தள்ளிக் கொடுக்கும். வாரி எவ்வளவு சரிய வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும் என்பதை மாட்டின் நடையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சரிவு கூடினால் மாட்டின் முன்னங்கால் மடங்கும், குறைந்தால் மாடு திணறும். ஓடுகிறவனின் உடம்பைப் பார்த்துப் பாரத்தையும் சரிவையும் முடிவு செய்ய வேண்டும் என்ற பாடத்தை உலகத்துப் பயிற்சியாளர்கள் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆனது.

நம் பக்கத்தில் உடற்கல்வியை முறையாகக் கற்றுக் கொடுக்கும் வேலை சென்னையில்தான் தொடங்கியது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்திய அணிக்கு அவர்தான் மேலாளர். விளையாட்டு ஆசிரியர் என்று ஒரு தொழில் உண்டு, அதற்குப் படிப்பு உண்டு என்பதைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கியது அந்தக் கல்லூரி. எனக்குக் கற்றுக் கொடுத்தவர்களுக்குக் கற்றுக் கொடுத்தவர்கள் அங்கே படித்தவர்கள். அவர்களிடமிருந்து வந்தவைதான் விசில், சுண்ணாம்புக் கோடு, ஸ்டாப்வாட்ச், வரிசையில் நின்று வார்ம் அப் எல்லாம். வேகம் மட்டும் பிறப்பிலேயே வருவது, கற்றுக் கொடுத்து வராது என்ற நம்பிக்கை அந்தத் தலைமுறையில் உறுதியாக இருந்தது. ஓட்டக்காரனைத் தேடிக் கண்டுபிடிப்பார்கள். உருவாக்கலாம் என்று நினைக்க மாட்டார்கள்.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது மணல். ஆஸ்திரேலியாவில் மெல்பர்னுக்குத் தெற்கே போர்ட்சீ என்ற கடற்கரையில் பெர்சி செருட்டி என்ற பயிற்சியாளர் தன் பிள்ளைகளை மணல்மேட்டில் ஏறி ஏறி ஓடவிட்டார். அவரிடம் பயின்ற ஹெர்ப் எலியட் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டரை 3 நிமிடம் 35.6 நொடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். எலியட் நடுத்தொலைவு ஓட்டக்காரர்தான். ஆனாலும் மணலில் ஏறினால் கால் பலப்படும் என்ற செய்தி உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. செருட்டி சொன்ன உணவு முறையும் வாழ்க்கை முறையும் அந்தச் செய்தியோடு போய்ச் சேரவில்லை. எல்லாரும் மணலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது அசைவு சோவியத் நாட்டிலிருந்து வந்தது. நிக்கோலாய் ஓசோலின் என்ற பயிற்சி அறிஞர் வேகத் தடை என்று ஒன்றைப் பற்றி எழுதினார். ஒருவன் தன்னால் முடிந்த உச்ச வேகத்திலேயே திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் தாளம் நரம்பில் உறைந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு உழைத்தாலும் வேகம் அதே இடத்தில் நிற்கும். அதை உடைக்க வேண்டுமானால் சூழ்நிலையை இலேசாக்கி, அவன் இதுவரை தொடாத வேகத்தை அவன் காலுக்கு ருசி காட்ட வேண்டும். லேசான சரிவு, பின்காற்று, முன்னாலிருந்து இழுக்கும் கயிறு எல்லாம் இந்த எண்ணத்தின் பிள்ளைகள்.

அதே சோவியத் நாட்டிலிருந்து 1972 மியூனிக் ஒலிம்பிக்குக்கு வலேரி போர்சோவ் வந்தார். 100 மீட்டரை 10.14 நொடியில் ஓடி ஒரு தங்கம், 200 மீட்டரை 20.00 நொடியில் ஓடி இன்னொரு தங்கம். கீவ் நகரில் வாலன்டின் பெத்ரோவ்ஸ்கி என்ற பயிற்சியாளர் அவரை அடியடியாக அளந்து வளர்த்தார். எந்த மீட்டரில் எந்தச் சாய்வு, எந்த அடி எவ்வளவு நீளம் என்பது வரை கணக்கு இருந்தது. வேகத்தைக் கற்றுக் கொடுக்க முடியும் என்று உலகம் ஒப்புக்கொண்டது அந்த இரண்டு பதக்கங்களுக்குப் பிறகு.

இந்தியாவுக்கு இந்த அறிவு பாட்டியாலா வழியாக வந்தது. தேசிய விளையாட்டு நிறுவனம் அங்கே 1961-இல் தொடங்கியது. சோவியத் நாட்டிலிருந்தும் கிழக்கு ஜெர்மனியிலிருந்தும் பயிற்சியாளர்கள் வந்து பாடம் நடத்தினார்கள். 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் தமிழ்நாட்டு ஓட்டக்காரர் ஆர். ஞானசேகரன் 200 மீட்டரில் தங்கமும் 100 மீட்டரில் வெள்ளியும் வாங்கினார். ஆசியாவிலேயே வேகமான கால் நம்மூர்க் கால் என்று அன்றைக்கு நாங்கள் கொண்டாடினோம். அந்தப் பெயரை இன்று எங்கள் பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் அவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பிறகு கேரளத்துப் பய்யோளி வந்தது. விமானப் படையில் இருந்தவரும் பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பு முடித்தவருமான ஓ.எம். நம்பியார், கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் பி.டி. உஷாவைக் கண்டெடுத்தார். பய்யோளிக் கடற்கரை மணலில் உஷா ஓடிய ஓட்டம் நாட்டுக்கே தெரியும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. உஷா 55.42 நொடியில் நாலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்த ருமேனியப் பெண் கிறிஸ்டியானா கோஜோகாரு ஓடியது 55.41. அந்த நூறில் ஒரு பங்கு நொடிக்காக இந்த நாடு அழுதது. அடுத்த ஆண்டு ஜகார்த்தா ஆசிய தடகளத்தில் ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நாலு தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கி உஷா அந்த அழுகையைத் துடைத்தார்.

உஷாவால்தான் கடற்கரைப் பயிற்சி தென்னிந்தியாவின் நம்பிக்கையானது. மரக்காணத்துக் கடற்கரையிலும் அன்றைக்குப் பிள்ளைகள் ஓடத் தொடங்கினார்கள். ஆனால் தமிழ்நாட்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை இருக்கிறது. மணலே ஓட்டக்காரரை உண்டாக்கும் என்றால் மீனவக் குப்பம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு உஷா வந்திருக்க வேண்டும். பய்யோளி மணலில் ஓடிய பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நம்பியார் நின்றார். எப்போது மணல், எப்போது தரை, எப்போது ஓய்வு என்று சொல்ல ஒரு படித்த கண் இருந்தது. காய்ந்த மணலில் பாதம் புதையும். தரையில் நிற்கும் நேரம் நீளும். பலத்துக்கு அது நல்லது, உச்ச வேகத்துக்கு அது நேர் எதிர்ப் பழக்கம். மணலிலேயே ஆண்டு முழுக்க ஓடிய பிள்ளை தரைக்கு வந்தால் ஒவ்வொரு அடியிலும் உட்கார்ந்து எழுந்திருப்பான். அலை வந்து போய் இறுகிய ஈர மணலின் கதை வேறு. அது தரைக்கு நெருக்கம். இந்த வித்தியாசம் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால்தான் கடற்கரை மைதானமாகும்.

1990-களில் பாராசூட் வந்தது. சோவியத் நாட்டிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த பென் தபாச்னிக் என்ற பயிற்சியாளர், முதுகில் சிறிய குடையைக் கட்டி ஓடவிடும் முறையை அங்கே பரப்பினார். வேகம் கூடக் கூடக் குடையின் இழுப்பும் கூடும். கொக்கியை விட்டால் ஓட்டத்தின் நடுவிலேயே கழன்று விழும். அதுவரை பின்னால் பிடித்திருந்த கை சட்டென்று விட்டது போல ஓட்டக்காரன் பாய்வான். பணமுள்ள நாடுகளில் இரும்புச் சறுக்குப் பலகை, ரப்பர் கயிறு, இன்றைக்கு மோட்டார் பூட்டிய கயிற்று இயந்திரம் என்று கருவிகள் வந்துகொண்டே இருந்தன. எங்களுக்கு வந்தது டயர். திண்டிவனம் நாலு திசைச் சாலைகள் கூடும் ஊர். பஞ்சர் கடைகளுக்கும் தேய்ந்த டயர்களுக்கும் அங்கே பஞ்சமே கிடையாது. காசில்லாமல் கிடைத்த கருவி அது ஒன்றுதான்.

டயரைக் குறை சொல்லி நான் எழுதவில்லை. சரியாகக் கட்டினால் அது நல்ல கருவி. எப்படிக் கட்டுவது என்பதைச் சொல்கிறேன்.

லாரி டயரை முதலில் ஓரமாகத் தள்ளி வையுங்கள். அது ஏறத்தாழ ஐம்பது கிலோ வரும். ஒன்பதாம் வகுப்புப் பையனின் எடை அதே அளவுதான். தன் எடையையே இழுக்கிறவன் ஓடுவதில்லை, நடந்து தள்ளுகிறான். ஸ்கூட்டர் டயரோ, தேய்ந்த கார் டயரோ போதும். இடுப்பில் கயிற்றை நேராகக் கட்டினால் இடுப்பெலும்பில் அறுக்கும். பழைய பையின் அகலமான வாரை இடுப்பில் சுற்றி, அதன் பின்புறம் கயிற்றை முடிய வேண்டும். கயிறு மூன்று, நாலு மீட்டர் இருக்கட்டும். குட்டையாக இருந்தால் டயர் எகிறிக் குதிக்கும்; இழுப்பு ஒரே சீராக இருக்காது.

எடையைத் தராசில் பார்த்து ஒன்றும் ஆகப் போவதில்லை. அதே டயர் சிந்தெடிக் தடத்தில் ஒரு மாதிரி இழுக்கும், காய்ந்த செம்மண்ணில் ஒரு மாதிரி, மழை பெய்த மறுநாள் வேறு மாதிரி. ஆகவே கடிகாரத்தில் அளக்க வேண்டும். பையனை முதலில் வெறுமனே 20 மீட்டர் ஓடவிட்டு நேரம் பாருங்கள். 3.2 நொடி வந்தால், டயரோடு ஓடும்போது 3.55 நொடியைத் தாண்டக் கூடாது. அதாவது வேகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. தாண்டினால் பாரம் கூடுதல், டயரை மாற்றுங்கள். இப்படி நாலைந்து ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் முழு மூச்சும் திரும்பி வரும்வரை ஓய்வு. கடைசியில் டயரைக் கழற்றிவிட்டு இரண்டு ஓட்டம். அந்த இரண்டு ஓட்டத்தில்தான் பையனின் முகம் மாறும். “சார், கால் தானா போவுது சார்” என்று என் மாணவன் ஒருவன் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. இழுத்த பாரம் இறங்கியதும் கால் தன் பலத்தைத் தானே உணர்கிறது.

எப்போது நிறுத்துவது என்பதுதான் ஆசிரியரின் வித்தை. முழங்கால் உயர்வது குறைந்தால் நிறுத்து. இடுப்பு பின்னால் உட்கார்ந்தால் நிறுத்து. தோள் காதை நோக்கி ஏறினால் நிறுத்து. இன்னும் ஒன்று ஓடுகிறேன் சார் என்று பையன் கெஞ்சினாலும் நிறுத்து. களைத்த உடம்பில் ஓடினால் களைத்த ஓட்டம்தான் மனப்பாடமாகும்.

பத்தில் ஒரு பங்கு என்ற இந்தக் கணக்கைப் பயிற்சியாளர்கள் வெகு காலமாக வாய்வழியாகச் சொல்லி வந்தார்கள். 2003-இல் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் லாக்கியும் அவருடைய கூட்டாளிகளும் அதை அளந்து பார்த்தார்கள். உடல் எடையில் 12.6 விழுக்காடு பாரம் இழுத்தபோது அடியின் நீளம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. 32.2 விழுக்காடு பாரத்தில் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைந்துவிட்டது. ஓட்டத்தின் அழகு கெடாமல் இருக்க வேண்டுமானால் இலேசான பாரமே நல்லது என்று சொன்னார்கள். 2017-இல் பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-பெனுவா மொரான் கால்பந்து வீரர்களை உடல் எடையில் 80 விழுக்காடு பாரம் இழுக்க வைத்து, உடம்பை முன்னோக்கித் தள்ளும் விசை அதில் கூடுகிறது என்று காட்டினார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும். முதல் சில அடிகளின் தள்ளலை வளர்க்கக் கனத்த பாரம் உதவலாம். ஓட்டத்தின் வடிவத்தைக் காக்க இலேசான பாரம் வேண்டும். ஆனால் கனத்த பாரத்தை வளர்ந்த வீரருக்கு, நல்ல பயிற்சியாளர் முன்னால் வைக்க வேண்டும். வளரும் எலும்புள்ள பிள்ளையை, கேட்க ஆளில்லாத ஏரிக்கரையில், அந்தப் பரிசோதனைக்கு உட்படுத்தக் கூடாது.

இனி முன்னால் தள்ளும் பயிற்சி. எங்கள் பக்கத்தில் இது இல்லவே இல்லை என்று சொல்லலாம். மலை ஏறச் சொன்ன ஆசிரியர்களை எனக்குத் தெரியும். சரிவில் ஓடவிட்டு வேகத்தை வளர்த்தவரை நான் பார்த்ததில்லை. கஷ்டப்பட்டால்தான் பலன் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. இறங்கி ஓடுவது சுலபம். சுலபமாக இருப்பதைப் பயிற்சி என்று மனம் ஏற்க மறுக்கிறது.

ஆனால் சரிவுக்கும் அளவு உண்டு. கிரேக்கரான ஜியார்ஜியோஸ் பாரடைசிஸும் இங்கிலாந்தின் கார்ல்டன் குக்கும் 3 டிகிரி சரிவு கொண்ட மேடையில் மாணவர்களை ஆறு வாரம் ஏறவும் இறங்கவும் ஓடவிட்டார்கள். 2006-இல் வெளிவந்த அந்த ஆய்வில் உச்ச வேகம் 3.5 விழுக்காடு கூடியது. 3 டிகிரி என்பது கண்ணுக்குத் தெரிகிற சரிவே இல்லை. ஒரு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் இறக்கம். 30 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர். ஏரிக்கரையின் பக்கவாட்டுச் சரிவு இதைவிடப் பல மடங்கு செங்குத்து. அதில் ஓடி இறங்கினால் தொடைப் பின்தசை கிழியும்.

கரைக்கு ஏறும் வண்டிப்பாதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஊர்க் கொத்தனாரை அழைத்துவந்து, டியூப் லெவலில் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். மேலே ஒரு முளை, கீழே ஒரு முளை. குழாயில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சாக்பீஸால் முளையில் கோடு போட்டு எழுதினார் கொத்தனார். கிட்டத்தட்ட வேண்டிய சரிவு வந்தது. மழை அறுத்த ஓடைகளை மண் போட்டு நிரவி, கல் பொறுக்கி, அடியில் ஓடி நிற்பதற்கு 30 மீட்டர் சமதரை ஒதுக்கினோம். உயர்நிலை வகுப்பில் மூத்த பிள்ளைகளை மட்டும், நன்றாக உடம்பு சூடான பிறகு, புத்துணர்ச்சியாக இருக்கும் காலை நேரத்தில், சில ஓட்டம் மட்டும் ஓடவிட்டேன். கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பாதம் உடம்புக்கு அடியில் விழுகிறதா, முன்னால் நீண்டு போய் விழுகிறதா. முன்னால் விழுந்தால் அவன் ஓடவில்லை, பிரேக் போடுகிறான். அந்தச் சரிவு அவனுக்கு அதிகம். ரப்பர் கயிற்றில் இழுக்கும் முறைக்கும் இதே விதிதான். அவனுடைய சொந்த வேகத்தைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழுக்கவே கூடாது. அறுந்த கயிறு கண்ணில் அடித்தால் கண் போகும் என்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் அதைக் கட்டியதே கிடையாது.

இவ்வளவுக்கும் என்ன செலவு? ஒரு அளவு நாடா, ஒரு ஸ்டாப்வாட்ச், கொத்தனாரின் அரை நாள். கருவி இல்லாததால் நாம் பின்தங்கவில்லை என்பதற்கு ஜமைக்காவைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். முப்பது லட்சம் பேர்கூட இல்லாத தீவு அது. கிங்ஸ்டனில் ஒரு பல்கலைக்கழகத்தின் புல்தரைத் தடத்தில்தான் ஸ்டீஃபன் ஃபிரான்சிஸ் என்ற பயிற்சியாளர் அசஃபா பவலையும் ஷெல்லி-ஆன் ஃபிரேசரையும் உலகத்தின் முன்னணிக்கு வளர்த்தார். அங்கே பள்ளிகளுக்கிடையிலான தடகளப் போட்டி 1910 முதல் நடந்து வருகிறது. அதைப் பார்க்க அரங்கம் நிறைய மக்கள் கூடுகிறார்கள். 1980-இல் கியூபாவின் உதவியோடு ஜி.சி. ஃபாஸ்டர் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார்கள். அங்கே படித்து வந்தவர்கள் தீவின் பள்ளிகளுக்குப் பயிற்சியாளர்களாகப் போனார்கள். 2009 பெர்லினில் உசேன் போல்ட் 9.58 நொடியில் ஓடியதற்குப் பின்னால் அந்த ஆசிரியர் வரிசை இருக்கிறது.

ஆசிரியருக்குக் கணக்கு வைப்பது எங்கள் மாவட்டத்துக்குப் புதிய காரியமும் இல்லை. மேலே சொன்ன சோழர் காலத்துப் பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஊர் எண்ணாயிரம். பதினோராம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு கல்லூரி நடந்தது. 340 மாணவர், 14 ஆசிரியர். மாணவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு நெல் என்பது வரை கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அது வேதம் படிப்பவருக்கான கல்லூரி. எங்கள் பிள்ளைகளின் பாட்டன் பூட்டனுக்கு அதில் இடம் இருந்திருக்காது. ஆனாலும் ஒன்றை வளர்க்க வேண்டுமானால் ஆசிரியருக்கும் சோற்றுக்கும் கணக்கு வைக்க வேண்டும் என்ற அறிவு அந்தக் கல்லில் இருக்கிறது. 24 மாணவருக்கு ஒரு ஆசிரியர் அன்று. இன்று பல நூறு பிள்ளைகளுக்கு ஒரு உடற்கல்வி ஆசிரியர். அவரும் இல்லாத பள்ளிகள் உண்டு. இருக்கிற இடத்தில் உடற்கல்விப் பீரியடை மற்றப் பாடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

2023 ஹாங்ஷு ஆசிய விளையாட்டில் கோயம்புத்தூர்ப் பெண் வித்யா ராம்ராஜ் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் ஓடினார். 39 ஆண்டுகளுக்கு முன் உஷா ஓடிய அதே நேரம், நூறில் ஒரு பங்குகூட மாறாமல். அன்று மாலை நான் அழுதேன், மகிழ்ச்சியில்தான். பிறகு யோசித்தேன். இவ்வளவு பெரிய நாட்டில் ஒரு சாதனையைத் தொடுவதற்கே 39 ஆண்டு ஏன் ஆனது? ஓடக்கூடிய கால்கள் பிறக்காமல் போகவில்லை. மதுரைச் சக்கிமங்கலத்தில் பாட்டியிடம் வளர்ந்து வெறுங்காலில் ஓடிய ரேவதி வீரமணியை, பயிற்சியாளர் கண்ணன் பார்த்ததால் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். அந்தக் கண் படாத ரேவதிகள் எத்தனை பேர் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் தூக்கம் வராது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஊராட்சி செய்ய வேண்டியது சிறிது. பள்ளிக்குப் பக்கத்தில் 80 மீட்டர் நீளம், இரண்டு பேர் ஓடும் அகலம், கல்லும் பள்ளமும் இல்லாத சமதரை வேண்டும். அதன் ஒரு கோடியில் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு மண் போட்டு, 30 மீட்டரில் சரிந்து இறங்கும் ஒரு மேடு வேண்டும். பொங்கலுக்கு ஓட்டப் பந்தயம் வைக்கும் இளைஞர் மன்றங்கள் பரிசுக் கோப்பையோடு ஒரு ஸ்டாப்வாட்ச்சையும் அளவு நாடாவையும் பள்ளிக்கு வாங்கிக் கொடுக்கலாம். ஒவ்வொரு பிள்ளையின் 20 மீட்டர் நேரத்தையும் மாதம் ஒருமுறை நோட்டில் எழுதி வைத்தால், மூன்று வருடத்தில் அந்த நோட்டே எந்தப் பிள்ளை எங்கே போக வேண்டும் என்று சொல்லிவிடும்.

இவற்றை ஊர் செய்துவிடும். ஆசிரியரை ஊரால் கொண்டுவர முடியாது. பாரம் சுமக்க எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. அறுவடையிலும் உப்பளத்திலும் வீட்டிலும் அதைச் சிறு வயதிலிருந்தே சுமக்கிறார்கள். அந்தப் பாரத்தை அளந்து கட்டவும், வேளை வந்ததும் அவிழ்த்துவிடவும் தெரிந்த ஒருவரைப் பள்ளிக்கு ஒருவராக நியமிப்பது அரசின் கடமை. அதைக் கேட்டு வாங்குவது பெற்றோர்களாகிய நம் கடமை.